குறுவட்டப் போட்டிக்கு வரும் எல்லாருக்கும்

காரைக்குடி பக்கத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு பி.டி. டீச்சர். கபடி, கோ-கோ, தடகளம் மூன்றுக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். மற்ற பள்ளிகள் மோதும்போது விசிலும் பிடிப்பேன். ஆடிக் காற்று செம்மண்ணை வாரி இறைக்கிற நேரத்தில், அக்கம்பக்கத்துப் பள்ளிகள் மோதுகிற குறுவட்டப் போட்டிகளுக்கான வேலை சூடுபிடித்துவிடும். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவு. குறுவட்டத்தில் ஜெயித்தால் வருவாய் மாவட்டம், அங்கிருந்து மேலே ஏறி மாநிலம் வரைக்கும் போகலாம். இது போக பாரதியார் தினம், குடியரசு தினம் என்ற பெயர்களில் நடக்கும் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும்.

இத்தனை போட்டியிலும் சண்டை எங்கே ஆரம்பிக்கிறது என்று கவனித்தால், பெரும்பாலும் கோட்டுக்கு வெளியேதான். உள்ளே ஆடுகிற பிள்ளைகளுக்கு விதிமுறை உண்டு, அட்டை உண்டு, விசில் உண்டு. வெளியே நிற்கிற பெரியவர்களுக்கு ஒன்றும் இல்லை. அதனால் நான் பெரியவர்களிடமிருந்தே தொடங்குகிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் போட்டி நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே பேசி முடிக்க வேண்டிய விஷயம். வெயிலில், கடைசி இரண்டு நிமிடத்தில், ஒரு பாயிண்ட் பின்தங்கி நிற்கும்போது யாருக்கும் எதையும் புரிய வைக்க முடியாது.

வீட்டிலிருந்து வருகிறவர்கள்

எங்கள் பக்கத்தில் பல பிள்ளைகளின் அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். போட்டி பார்க்க அப்பத்தா வருவார், தாய்மாமா வருவார், ஊர் அணியில் கபடி ஆடுகிற அண்ணன் வருவான். வரட்டும். வீட்டிலிருந்து ஒருவர் வந்து நின்றாலே பிள்ளையின் முகம் மாறிவிடும். அது எனக்குத் தெரியும். ஆனால் வருகிறவர்களில் பலர் மின்னொளி கபடிப் போட்டி பார்த்துப் பழகியவர்கள். அங்கே மைக்கில் ஒருவர் விடாமல் பேசுவார், கூட்டம் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும், நல்ல பிடி பிடித்தால் யாராவது எழுந்து பணம் அறிவிப்பார். பெரியவர்கள் பெரியவர்களுக்காக நடத்துகிற ஆட்டம் அது. பள்ளி மைதானத்தில் நிற்பது பதின்மூன்று வயதுப் பிள்ளை. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

ஆடுகளத்தின் கோட்டிலிருந்து நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கை தட்டுங்கள், "விடாதே", "நல்லா ஆடுற" என்று எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் சொல்லுங்கள். எப்படி ஆட வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. கபடியில் ஒரு ரெய்டு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போய்த் திரும்புவது, 30 விநாடி. அதற்குள் ஒரு பிள்ளையின் காதில் ஒரு குரல்தான் நிற்கும்.

ஒரு ஆட்டத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். எதிரணிப் பெண் பாடி வந்தாள். எங்கள் பிள்ளைகள் ஏழு பேரும் உள்ளே. முன்னால் போகாதே, அவளை உள்ளே வரவிடு என்று மூலையில் நின்ற பெண்ணுக்கு நான் சொல்லியிருந்தேன். அவளுடைய மாமா வெளியிலிருந்து "காலைப் பிடி, காலைப் பிடி" என்று கத்துகிறார். அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள், என்னைப் பார்த்தாள், காலைப் பின்னால் இழுத்தாள், மாமாவைப் பார்த்தாள். அந்த இடைவெளியில் வந்தவள் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டு, திரும்பும்போது இவள் தோளையும் தொட்டுவிட்டுப் போய்விட்டாள். கோட்டைத் தாண்டியதற்கு ஒன்று, தொட்டதற்கு ஒன்று, இரண்டு பாயிண்ட். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஆட்டத்தையே பார்க்கவில்லை. ஒவ்வொரு ரெய்டுக்கும் மாமா இருந்த பக்கமே திரும்பிக்கொண்டிருந்தாள். அந்த மாமா கெட்டவர் இல்லை. ஊரில் நல்ல ஆட்டக்காரர். ஆசையில் கத்தினார். அடுத்த போட்டிக்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு, பயிற்சிக்கு வந்து மூலையில் நிற்பது எப்படி என்று பிள்ளைகளுக்கு இரண்டு நாள் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டேன். வந்தார், அருமையாகச் சொல்லிக் கொடுத்தார். போட்டியன்று கை மட்டும் தட்டினார். பயிற்சி நாளில் எல்லா யோசனைக்கும் இடம் உண்டு.

நடுவரிடம் பெற்றோர் பேசவே கூடாது. எந்தச் சந்தேகமும் பி.டி. ஆசிரியர் வழியாகத்தான் போக வேண்டும். எதிரணிப் பிள்ளையிடமும் பேச வேண்டாம், பாராட்டுவதாக இருந்தால் தவிர. "அந்தக் கறுப்புப் பொண்ணு", "அந்தக் குண்டுப் பையன்" என்று சத்தமாக அடையாளம் சொல்கிற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. சொல்கிறவருக்கு அது ஒன்றுமே இல்லை. கேட்கிற பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகும். சட்டையில் எண் இருக்கிறது, எண்ணைச் சொல்லுங்கள்.

அப்புறம் செல்போன். சிங்கப்பூரில் இருக்கிற அப்பாவுக்கு வீடியோ காலில் காட்ட ஆசைப்படுவது நியாயம். ஆனால் போனைத் தூக்கிக்கொண்டு கோட்டோரமாக ஓடி "அப்பாவைப் பாரும்மா" என்று ஆட்டத்தின் நடுவே கூப்பிட வேண்டாம். ஒரே இடத்தில் நின்று எடுத்து, முடிந்ததும் அனுப்புங்கள். அதிலும் உங்கள் பிள்ளையை மட்டும் எடுங்கள். மற்ற வீட்டுப் பெண்பிள்ளைகள் விளையாட்டு உடையில் இருக்கும் வீடியோவை ஸ்டேட்டஸிலோ ரீல்ஸிலோ போடுவது தப்பு. இதனாலேயே விளையாட்டை நிறுத்திய பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சாப்பாடு கொண்டுவருவது நல்ல பழக்கம். ஆட்டத்துக்கு முன்னால் இட்லி, வாழைப்பழம், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு போதும். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் ஆட்டம் முடிந்த பிறகு. எங்கள் பிள்ளை ஒருத்தியின் அப்பத்தா தூக்குவாளி நிறையப் பணியாரம் கொண்டுவந்து, தோற்ற அணி ஜெயித்த அணி பார்க்காமல் இரண்டு பக்கமும் கொடுப்பார். கொடுக்கும்போது "ஆத்தா, இன்னும் ரெண்டு எடுத்துக்க" என்பார். அரைமணி நேரத்துக்கு முன்னால் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒரே இலையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள்.

நகமும் கயிறும்

கபடியில் நகம் வெட்டியிருக்க வேண்டும், நகை எதுவும் இருக்கக் கூடாது, உடம்பில் எண்ணெய் தடவியிருக்கக் கூடாது. இது விதி. ஒவ்வொரு வருஷமும் மைதானத்தில் வந்துதான் இதற்குச் சண்டை நடக்கிறது. தோடு, கொலுசு கழற்றுவதில் பிரச்சினை இல்லை. கயிறுதான் பிரச்சினை. குன்றக்குடியிலோ பிள்ளையார்பட்டியிலோ வேண்டிக்கொண்டு கட்டிய கயிற்றைப் போட்டியன்று காலையில் கத்தரிக்கோலை வைத்து வெட்டினால், அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு ஆட்டம் வராது. வீட்டில் மனஸ்தாபம் வேறு.

நான் செய்வது இது. அணி அறிவித்த அன்றே வீட்டுக்குச் சொல்லி அனுப்புவேன். முடிச்சை வீட்டிலேயே பெரியவர்கள் கையால் அவிழ்த்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, போட்டி முடிந்து வந்ததும் அவர்களே கட்டிவிடட்டும். அவிழ்க்க முடியாதபடி இறுகிப்போன முடிச்சாக இருந்தால் வீட்டார் கையாலேயே வெட்டச் சொல்வேன். அப்பத்தாக்கள் யாரும் இதுவரை மறுத்ததில்லை. கயிற்றில் விரல் மாட்டினால் விரல் ஒடியும் என்று ஒரு முறை செய்து காட்டினால் புரிந்துகொள்கிறார்கள்.

சாதியைக் காட்டுகிற வண்ணக் கயிறு வேறு. அதற்குப் பள்ளியில் எந்த நாளும் இடமில்லை. பள்ளிகளில் சாதி மோதல்கள் பற்றி ஆராய்ந்த நீதிபதி கே. சந்துரு குழுவும் 2024இல் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லியிருக்கிறது. கயிறு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஊர்ப் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கிற கோஷம் இரண்டாவது வரியில் எங்கே போகும் என்று நமக்கெல்லாம் தெரியும். கோஷம் பள்ளியின் பெயரில் மட்டும் இருக்கட்டும். மாறினால் அணியின் பொறுப்பாசிரியர் உடனே போய் நிறுத்த வேண்டும். நடுவர் வந்து நிறுத்தும் வரை காத்திருக்கக் கூடாது.

பி.டி. ஆசிரியர்களுக்கு, மற்ற ஆசிரியர்களுக்கும்

நம் நடத்தை மைதானத்தில் தொடங்குவதில்லை, அணி எடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. யாரை எடுத்தோம், யாரை விட்டோம் என்பதை எழுதிப் பலகையில் ஒட்டுங்கள். விடுபட்ட பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் என்று சொல்லுங்கள். "உனக்கு ரெய்டு நன்றாக வருகிறது, பிடியில் இன்னும் பழக வேண்டும்" என்ற அளவுக்குத் தெளிவாகச் சொன்னால் அந்தப் பிள்ளை அடுத்த வருஷம் வரும். சொல்லாமல் விட்டால் வேறு காரணத்தை ஊரே கண்டுபிடிக்கும்.

வயதில் பொய் வேண்டாம். 17 வயதுப் பிரிவில் பெரிய பையனை இறக்கினால் இன்னொரு பள்ளியின் உண்மையான 16 வயதுப் பிள்ளை அடிபடும், அதன் இடமும் பறிபோகும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதுவரை போகிற பாதை இந்தச் செம்மண்ணில்தான் தொடங்குகிறது. நுழைவுப் படிவத்தில் பிறந்த தேதியையும், பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தந்திருக்கிற எமிஸ் எண்ணையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

பெண்பிள்ளைகளுடன் ஓர் ஆசிரியை கட்டாயம் போக வேண்டும். உடை மாற்ற இடமும் கழிப்பறையும் எங்கே என்று மைதானத்துக்குப் போனவுடன் பாருங்கள். இல்லையென்றால் போட்டி நடத்துகிற பள்ளியிடம் கேட்டு ஒரு வகுப்பறையைத் திறக்கச் சொல்லுங்கள். நாப்கின் முதலுதவிப் பெட்டியிலேயே இருக்கட்டும், பிள்ளை வந்து கேட்கும்படி வைக்காதீர்கள்.

கையை ஓங்கக் கூடாது. தோற்றதற்காக முட்டி போட வைப்பது, வெயிலில் ஓட விடுவது, இடைவேளையில் காதைத் திருகுவது எல்லாமே அடிதான். கபடி இடைவேளை 5 நிமிடம். அதில் முதல் நிமிடம் தண்ணீர். பிறகு இரண்டே இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஐந்து விஷயம் சொன்னால் ஒன்றும் ஏறாது.

நம் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நிழலே இல்லாத பொட்டலில் பகல் பன்னிரண்டு மணிக்கு 1500 மீட்டர் ஓட விடுகிற கால அட்டவணையைப் பார்த்தால் காலையிலேயே எதிர்த்துக் கேளுங்கள். நீண்ட ஓட்டங்கள் காலையில் முதலில் முடிய வேண்டும். பிள்ளை தலைசுற்றுகிறது என்றால் நிழலில் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, விசிறிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசினாலோ மயங்கினாலோ வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை "நல்லாத்தான் இருக்கேன் மிஸ்" என்று சொன்னாலும் அன்றைக்கு மறுபடியும் இறக்கக் கூடாது. தலைவலி, வாந்தி, தடுமாற்றம் எது இருந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

மற்ற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்காதீர்கள். அது திரும்பி வருவதே இல்லை. போட்டிக்குப் போய்வந்த பிள்ளையை மறுநாள் வகுப்பில் எழுப்பி "ஓடினா மார்க் வருமா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். விட்டுப்போன பாடக் குறிப்பை எழுதிக்கொள்ள இரண்டு நாள் அவகாசம் கொடுத்தால் போதும். தலைமை ஆசிரியர்கள் ஜெயித்த கோப்பையோடு படம் எடுக்க மட்டும் வராமல், ஒரு தடவையாவது ஒரு ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். பிள்ளைகள் அதை மறக்கவே மாட்டார்கள்.

விசில் பிடிக்கிறவர்

குறுவட்டத்தில் நடுவர்கள் பெரும்பாலும் நாமேதான், அதாவது மற்ற பள்ளி பி.டி. ஆசிரியர்கள். தன் பள்ளி ஆடுகிற ஆட்டத்துக்கு யாரும் விசில் பிடிக்கக் கூடாது, ஆள் குறைவாக இருந்தாலும். சீட்டு எடுத்து யாருக்கு யார் என்று முடிவு செய்வதை எல்லாப் பள்ளி ஆசிரியர்களும் நிற்கும்போது செய்யுங்கள்.

ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு அன்றைய நடைமுறையைச் சொல்லிவிடுங்கள். ஓட்டத்தில் இது இன்னும் முக்கியம். சர்வதேச விதிப்படி 2010இலிருந்து முதல் தவறான தொடக்கத்துக்கே, அதாவது சைகைக்கு முன்னால் ஒருமுறை கிளம்பினாலே, வெளியேற்றம். குறுவட்டத்தில் சில இடங்களில் ஒரு எச்சரிக்கை கொடுத்து விடுகிறார்கள். எது என்று வரிசையில் நிற்கிற பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பாதி ஹீட்ஸில் (தகுதிச் சுற்று ஓட்டங்களில்) ஒரு மாதிரி, மீதியில் வேறு மாதிரி நடந்தால் அங்கேதான் தகராறு கிளம்பும்.

கபடியில் பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சளுக்கு 2 நிமிடம் வெளியே, சிவப்புக்கு அந்த ஆட்டமே போச்சு. அட்டையைக் காட்டும்போது எதற்கு என்று ஒரு வரியில் பிள்ளையிடம் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்குச் சில சமயம் தான் செய்தது தப்பு என்பதே தெரியாது.

ஆடுகிற பிள்ளைகளே

மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே போகிறீர்கள். நல்ல பழக்கம். நடுவரிடம் கேப்டன் மட்டும் பேசட்டும். அதுவும் "ஏன் சார்?" என்று ஒரு தடவை. பதில் வந்ததும் திரும்பி வந்துவிட வேண்டும்.

தொடை தட்டலாமா என்று என்னிடம் கேட்பார்கள். தட்டுங்கள், கபடிக்கு அது அழகு. உங்கள் பாதியில் நின்று தட்டுங்கள். அவுட்டாகி வெளியே போகிற பிள்ளையின் முகத்துக்கு நேராகப் போய்த் தட்டாதீர்கள். பிடியில் விழுந்தவரின் மேல் விசில் அடித்த பிறகும் ஏறி உட்கார்ந்திருக்கக் கூடாது. எழுந்து கை கொடுத்துத் தூக்கிவிடுங்கள்.

தொட்டதா இல்லையா என்று நடுவர் பார்க்கவில்லை என்றால்? ஒவ்வொரு தடவையும் நீங்களே கையைத் தூக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்டத்தின் வேகத்தில் உங்களுக்கே நிச்சயமாகத் தெரியாது. ஆனால் நடுவர் உங்களைப் பார்த்து "பட்டுச்சா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லி வாங்கிய பாயிண்டை எங்கள் அணியில் நான் ஏற்றுக்கொள்வதில்லை. இது எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையில் நின்று கை கொடுங்கள், நடுவருக்கும் சேர்த்து. ஜெயித்தவர்கள் மேளம், வேட்டு எல்லாவற்றையும் உங்கள் பள்ளிக்குப் போய் வைத்துக்கொள்ளுங்கள். தோற்ற பள்ளியின் வேன் பக்கத்தில் வேண்டாம். தோற்றவர்கள் அழுதால் அழட்டும், தடுக்காதீர்கள். வீட்டிலிருந்து வந்தவர்களே, வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் "ஏன் அந்தப் பிடியை விட்ட?" என்று ஆரம்பிக்காமல் "என்ன சாப்பிடுற?" என்று கேளுங்கள், ஆட்டத்தைப் பற்றி அதுவே பேசும்.

புகார் என்று வந்தால்

முடிவு தப்பு என்று தோன்றினால் ஆசிரியர் அமைதியாகப் போய்க் கேட்கலாம். தடகள விதிப்படி முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும். முதலில் வாய்மொழியாக ரெஃப்ரியிடம், அங்கே தீராவிட்டால் மேல்முறையீட்டுக் குழுவிடம் எழுத்தில். மற்ற ஆட்டங்களிலும் போட்டிச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். என்ன நடந்தது, எத்தனையாவது நிமிடம், எந்த விதி என்று மூன்று வரி போதும். அணியை மைதானத்தை விட்டு வெளியே கூப்பிடுவது மட்டும் வேண்டாம். பிள்ளைகளின் ஒரு வருஷ உழைப்பு நம் கோபத்தில் போய்விடும்.

வேறு வகைப் புகார்களும் உண்டு. யாராவது அடித்தால், சாதி சொல்லித் திட்டினால், பயிற்சி என்ற பெயரில் தொடக் கூடாத இடத்தில் தொட்டால், அது என் மாதிரி ஒரு பி.டி. ஆசிரியராகவே இருந்தாலும், பிள்ளை சொல்வதை முதலில் நம்புங்கள். "சார் அப்படிச் செய்ய மாட்டாரே" என்று ஆரம்பிக்க வேண்டாம். பள்ளிக்குள்ளேயே பேசி முடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் பாலியல் குற்றம் என்றால் அப்படி முடிக்க முடியாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம். சிறார் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417. இரண்டையும் அணிப் பிள்ளைகள் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். எங்கள் அணியில் முதல் நாள் பயிற்சியே அதில்தான் தொடங்கும். சொல்லத் தெரிந்த பிறகுதான் களத்தில் இறக்குவேன்.